இருமுறை கண்ட சூரியோதயம்

தூரத்தை அளப்பதற்கு மனிதன் தொன்றுதொட்டு இரண்டு கோல்களைக் கையாண்டு வந்திருக்கின்றான். ஒன்று நிலத்தை அளக்கும் கோல். மற்றது பொழுதை அளக்கும் கோல். காதம் என்றும் மைல் என்றும் கூறுவது முதலாவது கோலின் கணக்கு. ஒரு நாட்பயணம் என்று கூறுவது இரண்டாவது கோலின் கணக்கு. கூப்பிடு தூரம் என்று நம் கிராம மக்கள் சொல்லும்போது குரலே அளவுகோலாகிவிடுகின்றது. இவற்றுள் மைற்கணக்கு மாறுவதில்லை. இரு நகரங்களுக்கிடையே படைப்புக்காலத்தில் எத்தனை மைல் கிடந்ததோ அத்தனை மைல் இன்றும் கிடக்கின்றது. பொழுதுக்கணக்கோ தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. அக்கணக்கை மாற்றுவதற்கு யார் உழைத்தனர், யார் விலை கொடுத்தனர் என்று ஆராய்வது சரித்திரத்தின் வேலை.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் உதாரணம் நமது தென்மாகாணத்திலேயே உண்டு. காலி நகருக்குக் கிழக்கே, மாத்தறை செல்லும் பாதையை அடுத்து, கொக்கலை என்னும் ஊரும் அதன் பெயரைத் தாங்கிய பெரியதொரு களப்பும் இருக்கின்றன. அக்களப்பின் நீர்ப்பரப்பிலிருந்து மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய பேர்த் வரைக்கும் நேர்கோட்டிலே ஏறத்தாழ 3,500 மைல். இன்றைய கணக்கிற் கூறுவதானால் 5,650 கிலோமீற்றர். இடையே இருப்பது இந்து சமுத்திரம் ஒன்றே. கொக்கோஸ் தீவுகள் போன்ற சில புள்ளிகளைத் தவிர, தங்கி இளைப்பாற நிலம் கிடையாது. இந்த இரண்டு இடங்களுக்குமிடையே, இரண்டாம் உலக மகாயுத்தத்தின் நடுவிலே, இடையில் எங்குந் தரிக்காது பறந்து சென்ற பிரயாணிகள் விமான சேவை ஒன்று நடைபெற்றது. ஒருமுறை கடப்பதற்கு 27 முதல் 32 மணித்தியாலம் வரை சென்றது. பிரயாணிகளை ஏற்றும் சேவைகளுள் இதைவிட நீண்ட நேரம் ஆகாயத்திலே நின்றது இன்றளவும் வேறொன்றில்லை.

இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்குமுள்ள போக்குவரத்து யுத்தகாலத்திலே திடீரெனத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தபால் கொண்டு சென்ற நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்தைத் தமது சந்தியாகக் கொண்டிருந்தன. பின்னர் கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதாங்கி கட்டப்பட்டபோது காலியின் சிறப்புக் கொழும்புக்குச் சென்றது. கொழும்பிலிருந்து பேர்த்தின் துறைமுகமாகிய பிரீமாண்டிலை அடைவதற்குக் கப்பலுக்கு ஏறத்தாழப் பத்து நாட்கள் வேண்டியிருந்தன. அக்காலத்தவர் அதனைத் தாமதமென்று கருதவில்லை. பாய்க்கப்பல் யுகத்தின் மாதக்கணக்கோடு ஒப்பிடும்போது அது விரைவாகவே தோன்றியது.

ஆகாய மார்க்கம் திறந்தபோது இலங்கை அதிலே இடம்பெறவில்லை. 1919ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் தேதி ரொஸ் சிமித், கீத் சிமித் என்னும் சகோதரர் இருவர், இரண்டு இயந்திரவல்லுநரோடு இலண்டன் அயலிலுள்ள ஹவுன்சுலோவிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 10ஆந் தேதி டார்வின் நகரிலே இறங்கினர். இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான முதல் விமானப் பயணம் இருபத்தெட்டு நாட்களுள் இவ்வாறு நிறைவெய்தியது. 1928இல் பேர்ட் ஹிங்க்லர் தனியொருவராய் அதே வழியைப் பதினாறு நாட்களுக்குள் கடந்தார். 1938 அளவில், பிரித்தானிய இம்பீரியல் கம்பெனியும் அவுஸ்திரேலியக் குவாண்டாஸ் கம்பெனியும் சேர்ந்து, நீரில் இறங்கும் பெரிய கடல்விமானங்களைச் சவுதாம்டனுக்கும் சிட்னிக்கும் இடையே செலுத்தின. பயணம் பத்து நாட்களுக்குள் முடிந்தது. பகலிலே பறந்து, இரவிலே கரையிலுள்ள விடுதிகளில் உறங்கி, கராச்சி, கல்கத்தா, இரங்கூன், சிங்கப்பூர் என்று தாவித்தாவிச் சென்ற பாதை அது. நெடிய சங்கிலி ஒன்றை ஒத்தது, வளையங்கள் பல. ஒரு வளையம் அறுந்தால் முழுச்சங்கிலியும் பயனற்றதாகும் என்பதை அன்று பலரும் எண்ணிப் பார்த்திலர்.

யுத்தம் அதனை எண்ணச் செய்தது. 1942ஆம் ஆண்டு சனவரி 30ஆந் தேதி, குவாண்டாஸின் கொறியோ என்னும் கடல்விமானம் தீமோர்த் தீவின் கரையோரமாய்ச் சென்றுகொண்டிருந்தபோது யப்பானியப் போர்விமானங்களாற் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்தோரிற் பெரும்பாலார் மாண்டனர். பெப்ரவரி 15ஆந் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. நான்கு நாட்களின் பின் டார்வின் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. மார்ச்சு மாதத்திலே சாவகமும் அந்தமான் தீவுகளும் யப்பானியர் கைக்குச் சென்றன. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே பத்து நாட்களாகச் சுருங்கியிருந்த தூரம் ஒரு மாதகாலத்தினுள் மீண்டும் வாரக்கணக்காய் விரிந்தது. மைற்கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. நடுவேயிருந்த வாயில்கள் அடைபட்டுவிட்டன. மத்தியதரைக் கடலிலும் வட ஆபிரிக்காவிலும் போரிட்ட அவுஸ்திரேலியரின் குடும்பங்களுக்கு ஒரு கடிதம் வந்துசேர்வதே அரிய காரியமாயிற்று.

இந்நிலையிலேதான் இலங்கையின் இருப்பிடம் புதிய பொருளைப் பெற்றது. சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்து சமுத்திரத்தின் நடுவே பிரித்தானியருக்கு எஞ்சியிருந்த முக்கிய தளம் இத்தீவே. கொக்கலைக் களப்பு கடல்விமானத் தளமாக்கப்பட்டது. 1942 ஏப்ரல் 4ஆந் தேதி, அங்கிருந்து எழுந்த கற்றலீனா விமானம் ஒன்றிலே கனடா நாட்டவராகிய லெனார்ட் பேர்ச்சல், தீவை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கப்பற்படையைத் தென்கிழக்குக் கடலிலே கண்டார். கண்ட செய்தியை வானொலிமூலம் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டபோது அது முற்றிலும் அறியாத் தாக்குதலாய் இராமைக்கு அச்செய்தி காரணமாயிற்று. கொக்கலையின் பெயர் யுத்த சரித்திரத்தில் ஏறியது அந்நாளில்.

அறுந்த சங்கிலியை இணைப்பதற்கு ஒரே வழி, வளையங்களையே நீக்கிவிட்டு, சமுத்திரத்தை ஒரே தாவலிற் கடப்பது. அவ்வாறு கடத்தல் இயலுமா? 1939ஆம் ஆண்டு றிச்சாட் ஆச்போல்ட் என்னும் அமெரிக்கரின் கூபா என்ற விமானம், பி. ஜி. ரெயிலர் என்னும் அவுஸ்திரேலியர் வழிகாட்ட, கொக்கோஸ், சாகோஸ், சீஷெல்ஸ் தீவுகளிலே தங்கித்தங்கி அவுஸ்திரேலியாவிலிருந்து ஆபிரிக்கக் கரையை அடைந்திருந்தது. அந்தக் கூபாவும் கற்றலீனா இனத்தைச் சேர்ந்ததே. எனினும், தீவுகளிலே தங்கிச் செல்வது வேறு. எங்குந் தங்காது செல்வது வேறு. குவாண்டாஸின் தலைவராகிய ஹட்சன் பிஷ் இம்முயற்சியை விடாது வற்புறுத்தினார். ஈற்றிலே பிரித்தானிய அரசாங்கம் ஐந்து கற்றலீனாக்களை வழங்க, 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே சேவை தொடங்கியது. பேர்த்திலே சுவான் ஆற்றின் விரிந்த நீர்ப்பரப்பு ஒரு முனை. கொக்கலைக் களப்பு மறுமுனை. கொக்கலையிலிருந்து கராச்சிக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் தபால் சென்றது.

இந்தக் கற்றலீனா எத்தகைய விமானம்? வேகத்திலே அது மிகவும் பின்தங்கியது. மணிக்கு 125 மைல் செல்வதே அதன் இயல்பான நடை. இன்று இருப்புப்பாதையிலே விரையும் புகைவண்டிகள் பல அதனைப் பின்தள்ளிவிடும். ஆயினும் பொறுமையிலே அதற்கு நிகரில்லை. குறைந்த வேகத்திலே, குறைந்த எரிபொருளோடு, ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தும் காற்றிலே நிற்கவல்லது. வேகம் செய்ய முடியாததைப் பொறுமை செய்தது என்பதே இக்கதையின் சாரம்.

அந்தப் பொறுமைக்கும் பெற்றோல் வேண்டும். உட்புறத்திலே மேலதிகத் தாங்கிகள் பொருத்தப்பட்டு, ஏறத்தாழ 1,990 கலன் பெற்றோல் நிரப்பப்பட்டது. நீரைவிட்டு எழும்போது விமானத்தின் மொத்த நிறை 35,000 றாத்தலைக் கடந்தது. அதிலே ஐந்திலிரண்டு பங்கு பெற்றோலே என்றால், மற்றவற்றுக்கு எவ்வளவு இடம் எஞ்சியிருக்கும்? துப்பாக்கிகள் கழற்றப்பட்டன. பனிக்கட்டி பிடியாது தடுக்குங் கருவிகள் அகற்றப்பட்டன. குளிரைத் தடுக்கும் உறைகளும் உரிக்கப்பட்டன. இத்தனையும் நீக்கியபின் ஏற்றக்கூடியவை மூன்று பிரயாணிகளும் ஏறத்தாழ 150 றாத்தல் தபாலுமே. பாரம் மிகுதியாதலால், பயணத்தின் முற்பகுதியிலே இரண்டு எந்திரங்களுள் ஒன்று பழுதுபடினும் மற்றொன்றால் விமானத்தைத் தாங்க முடியாது. கீழே இருப்பது கடல். தேடிவந்து காப்பாற்றுவோர் இரார். இதனை ஓட்டியவர்கள் அறிவார்கள், அறிந்தே சென்றார்கள்.

யப்பானியர் கண்ணுக்கும் செவிக்கும் தப்ப வேண்டியதொன்று இன்னும் இருந்தது. சுமாத்திராவிலும் சாவகத்திலுமிருந்து எழும் எதிரி விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இருளிலே கடக்கும்படி புறப்படும் வேளை வகுக்கப்பட்டது. வானொலி மௌனம் கண்டிப்பாக அனுசரிக்கப்பட்டது. கரையிலிருந்து வரும் செய்தியைக் கேட்கலாம். தாம் வாய்திறத்தல் கூடாது. நிலமும் இல்லை, வானொலி வழிகாட்டலும் இல்லை என்றால் திசையை அறிவது எங்ஙனம்? பழைய கடலோடிகள் அறிந்தவாறே, நட்சத்திரங்களைக் கொண்டு அறிந்தனர். கீழைக் கடல்களிலே கலஞ்செலுத்தியவர்களுக்கு இவ்வித்தை புதியதன்று. மணிக்கொருமுறை வான்மீனின் உயரத்தைக் கருவியால் அளந்து, காற்று விமானத்தை எத்துணை ஒதுக்கியிருக்கின்றது என்று கணக்கிட்டு, மீண்டுந் திசை திருத்தியவாறு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள ஒரு சிறு களப்பைக் கண்டடைந்தனர். கணக்கிலே சிறு பிழை நேரினும் களப்பு கண்ணுக்குத் தப்பிவிடும், பெற்றோலோ தீர்ந்துகொண்டிருக்கும்.

ஆதலின் ஐந்து விமானங்களுக்கும் வான்மீன்களின் பெயரையே இட்டமை பொருத்தமாயிற்று. ஆல்ற்றேர், வேகா, றைஜல், அன்ராறீஸ், ஸ்பைக்கா என்பன அப்பெயர்கள். இவை அந்நிய நாட்டுப் பெயர்களாய் ஒலித்தபோதிலும், இவை சுட்டும் மீன்கள் நம் பஞ்சாங்கம் அறிந்தவையே. ஆல்ற்றேர் நமது திருவோணம். வேகா நமது அபிஜித்து. அன்ராறீஸ் நமது கேட்டை. ஸ்பைக்கா நமது சித்திரை. றைஜல் என்பது மார்கழி இரவுகளிலே கீழ்வானில் எழும் வேட்டைக்காரன் உருவின் பாதத்திலே ஒளிரும் வெண்மீன். சித்திரையும் திருவோணமும் கொக்கலை நீரிலே இறங்கிய நாட்கள் அவை.

உள்ளே இருந்த பிரயாணிகளின் நிலை யாது? குளிர் காக்கும் உறை இல்லை. எந்திரங்களின் இரைச்சலோ இடைவிடாதது. நிமிர்ந்து நடப்பதற்கும் இடமில்லை. அரசாங்க அலுவலாகவும் படை அலுவலாகவுமே பெரும்பாலார் சென்றனர். விமானத்தின் உள்ளே உண்டு, உறங்கி, விழித்து, ஒரே பயணத்திலே சூரியன் உதிப்பதை இரண்டு முறை கண்டனர். இதனால் இச்சேவை இரட்டைச் சூரியோதயம் என்று பெயர்பெற்றது. இருபத்து நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஆகாயத்திலே இருந்தமைக்கு அத்தாட்சியாகப் பிரயாணிகளுக்கு ஒரு பத்திரமும் வழங்கப்பட்டது. இரட்டைச் சூரியோதய இரகசிய சங்கம் என்ற தலைப்போடு அது நகைச்சுவையாக அமைந்திருந்தது. அஞ்சத்தக்க பயணத்தைக் கடந்தோர் அச்சத்தைச் சிரிப்பாக மாற்றிக்கொள்வது மனித சுபாவமன்றோ!

1943இன் நடுப்பகுதியிலிருந்து 1945 சூலை வரையில் கற்றலீனாக்கள் இவ்வழியை 271 முறை கடந்தன. நம்பற்கரிய செய்தி யாதெனின், ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை. ஓர் உயிரேனும் போகவில்லை. இதனை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. எந்திரத்தைப் பேணியவர்களின் கவனமும், கணக்கிட்டவர்களின் நுண்மையும், ஓட்டியவர்களின் நிதானமும் ஒருங்கு சேர்ந்த பயன் அது.

1944இலே லிபறேற்றர் என்னும் நான்கு எந்திர விமானங்கள் இவ்வழியிற் சேர்க்கப்பட்டன. இவை நிலத்திலிருந்து எழுவன. ஆதலின் இரத்மலானையிலே இறங்கின. அவற்றுக்கு ஏறத்தாழ 17 மணித்தியாலமே சென்றது. தமது உடலிலே கங்காரு உருவத்தைத் தாங்கிவந்தவை இவையே. பின்னாளிலே குவாண்டாஸின் இலச்சினையாக உலகெங்கும் பரவிய கங்காரு, முதன்முதல் இலங்கை வழியிலேயே பறந்தது. வேகம் கூடிற்று, காற்றிலே நிற்கும் நேரம் குறைந்தது. இதனாலேயே கற்றலீனாவின் நீண்ட நேரச் சாதனை அழியாது நின்றது. வேகமான விமானம் அச்சாதனையை முறியடிக்க இயலாது. அதனினும் மெதுவாய்ச் செல்வதை எவரும் விரும்பார்.

இதுகாறுங் கூறியது பறந்தவர்களின் சரித்திரம். நிலத்திலே இருந்தவர்களின் சரித்திரம் வேறொன்று உண்டு. கொக்கலை வெறுங் களப்பன்று; மக்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த ஊர். விமானத் தளம் அமைக்க வேண்டுமென்ற கட்டளை பிறந்தபோது, மிகக் குறுகிய அவகாசத்தினுள் அவர்கள் தம் வீடுகளையும் தோட்டங்களையும் விட்டு அகல வேண்டியதாயிற்று. சிங்கள இலக்கியத்தின் பெரும் எழுத்தாளராகிய மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இற் பிறந்தது அவ்வூரிலே. ஊரின் வீடுகள் அழிந்தபோது, விமானப்படையினர் தமது உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டமையால் அவரது பரம்பரை வீடு மட்டும் தப்பியது. கிராமத்தின் மாற்றம் என்னும் பொருள்படும் அவருடைய கம்பெரலிய என்ற நாவல் 1944இல் வெளிவந்தது. பழைய கிராம வாழ்வு சிதைவதைச் சித்திரிக்கும் அந்நூலின் களம் கொக்கலையே. நூல் அச்சேறிய அதே ஆண்டிலே அவ்வூர்க் களப்பில் கற்றலீனாக்கள் இறங்கியும் எழுந்தும் கொண்டிருந்தன. அந்த வீடு இன்று நாட்டார் கலைப் பொருட்காட்சிச் சாலையின் நடுவே நிற்கின்றது, காண்போர் பலர். அதைச் சூழ்ந்திருந்த வீடுகளைக் காண்பதற்கு இல்லை.

இலண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே சில நாட்கள் மிச்சமாயின என்றால், அந்த மிச்சத்திலே கொக்கலைக் குடிகளின் பங்கும் உண்டு. பிரயாணிக்குப் பத்திரம் கிடைத்தது. விமானிக்குப் புகழ் கிடைத்தது. குடிபெயர்ந்தோரின் பெயரைப் பதிந்த பத்திரம் எதுவும் இல்லை.

யுத்தம் முடிந்தது. 1945இலே லங்காஸ்திரியன் என்னும் விரைவு விமானங்கள் இரத்மலானை வழியாகச் சிட்னிக்கும் இங்கிலாந்துக்கும் இடையே மூன்று நாட்களிற் சென்றன. சிங்கப்பூர் வாயில் மறுபடியும் திறந்தபின், 1947 டிசம்பர் முதலாந் தேதி சிட்னியிலிருந்து புறப்பட்ட கொன்ஸ்ரலேசன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாக நான்கு நாட்களில் இலண்டனை அடைந்தது. பெருவழி பழைய தடத்துக்குத் திரும்பியது. இலங்கை மீண்டும் ஒதுங்கி நின்றது. கடன் ஒப்பந்தத்தின்படி பெறப்பட்ட அந்தக் கற்றலீனாக்களை விற்றுப் பயன்பெற அனுமதி இல்லாமையால், அவை அவுஸ்திரேலியக் கடலிலே அமிழ்த்தப்பட்டன. கடல் அவற்றை ஒருபோதும் வென்றதில்லை. மனிதரே அவற்றைக் கடலுக்கு ஒப்புவித்தனர்.

பிற்காலத்து வேகம் யாவரும் அறிந்தது. 1989 ஆகஸ்டிலே பிரயாணிகள் சேவைக்கன்றிப் பரீட்சார்த்தமாக ஒரு போயிங் 747 விமானம் இலண்டனிலிருந்து சிட்னிக்கு எங்குந் தங்காது 20 மணி 9 நிமிடத்திற் சென்றது. 2018 மார்ச்சிலே பேர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே, 14,498 கிலோமீற்றர் தூரத்தை 17 மணித்தியாலம் அளவிற் கடக்கும் நேரடிச் சேவை தொடங்கியது. இலண்டனிலிருந்து சிட்னிக்கு 2019 நவம்பரில் மற்றொரு பரீட்சார்த்தப் பயணம் 19 மணி 19 நிமிடத்தில் முடிந்தது. இத்தகைய இடைநில்லாச் சேவையை நிரந்தரமாக்குவதற்குக் குவாண்டாஸ் வகுத்த திட்டத்துக்குச் சூரியோதயத் திட்டம் என்று பெயர். கொக்கலைக்கும் பேர்த்துக்கும் இடையே பறந்த கற்றலீனாக்களின் நினைவாகவே அப்பெயர் சூட்டப்பட்டது. இலங்கையிலிருந்தும் 2017 ஒக்டோபரிலே மெல்பேர்ணுக்கு நேரடிச் சேவை ஆரம்பமாயிற்று. பேர்த்திலும் மிகத் தொலைவான, எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட அத்தூரம் பத்து மணித்தியாலம் அளவிலே கடக்கப்பட்டது. மாலையில் உண்டு, இரவில் உறங்கி, காலையிலே இறங்குவோர் தமக்குக் கீழே கிடந்த சமுத்திரத்தைப் பற்றி நினைப்பதற்கே அவசியம் இல்லை.

அவ்வாறு நினையாதிருக்கக் கூடியதாயிருப்பதே நாகரிகத்தின் பெரும் பேறு. அதுவே அதன் பெரும் மறதியும் ஆகும். பிரயாணச் சீட்டிலே புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைச் சிறு பிள்ளையும் கழித்துக் கூறிவிடும். ஆயின் அந்த எண் சிறுத்து வந்த கதையைக் கழித்தற் கணக்கு சொல்லாது. தீமோர்க் கரையிலே வீழ்ந்த கொறியோவும், இருளிலே சித்திரையையும் கேட்டையையும் நோக்கி வழிகண்டவர்களும், சொந்த ஊரை விட்டுச் சுமைகளோடு நடந்த கொக்கலைக் குடிகளும் அந்த எண்ணுக்குள்ளே அடங்கியிருக்கின்றனர். தூரத்தை வென்றோம் என்று பெருமை பேசுமிடத்து, அவர்களையும் சேர்த்து எண்ணுவதே சரித்திரம் கற்றோர்க்கு அழகு.